அப்புறம் வேறு, அதனால் வேறு

(பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வாசகசாலையில், வாசிப்பு நாளன்று பேசியதன் எழுத்து வடிவம்)

பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே,

ஜூன் 19, கேரளத்தில் ஊர் ஊராக நூலகம் எழ உழைத்த பி.என். பணிக்கர் மறைந்த நாள். அதைத்தான் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறோம். பிள்ளைகளை மேடையேற்றுகிறோம், கடகடவென்று வாசிக்கிறார்கள், கைதட்டுகிறோம். இறங்கி வந்ததும் 'ஏன்' என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், சங்கதி தெரிந்துவிடும்.

இரண்டே வரி. 'காற்று மாதம் நெருங்கியது. அப்பா தகரக் கூரைமேல் கற்களை ஏற்றினார்.' ஏன் ஏற்றினார்? இரண்டாம் வகுப்புப் பிள்ளை முதல் வரியை அப்படியே ஒப்பிக்கும். நாமும் 'சரி' போட்டுவிடுவோம். ஆனால் காற்று தகரத்தைத் தூக்கும், கனம் இருந்தால் தூக்காது என்ற நடுப்படி புத்தகத்தில் அச்சாகவில்லையே! அதைப் பிள்ளைதான் போட்டுக்கொள்ள வேண்டும். மேற்கு மலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது நம் பாலக்காட்டுக் கணவாய். அதன் வழியே வரும் ஆடிக்காற்று நம் பிள்ளைக்குத் தெரியாததா? தெரிந்ததைப் புத்தகத்துக்குள் கொண்டுவரலாம் என்பதுதான் தெரியாது. 'கல் வைக்காமல் விட்டிருந்தால்?' என்று கேளுங்கள். 'கூரை பறந்து எதிர்வீட்டில் விழுந்திருக்கும்!' என்று சிரித்துக்கொண்டே சொல்லும். நடுப்படி வந்துவிட்டது.

அடுத்தது, முன்னால் நடந்ததெல்லாம் காரணம் என்று நினைப்பது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை பெரியவர்களுக்கே உண்டு, அரசியல் மேடைகளில் தினமும் கேட்கிறோம். அது போகட்டும். 'மணி அடித்தது, மழை பெய்தது' என்று சொல்லி, நடுவில் 'அப்புறம்' போடுவதா, 'அதனால்' போடுவதா என்று கேளுங்கள். 'மழை பெய்தது, தோட்டத்தில் வேலை நின்றது' என்பதற்கும் அதையே கேளுங்கள். வாதம் வரும். வரட்டும்.

தலைகீழாகச் சொன்னாலும் திட்டாதீர்கள். சுவிட்சர்லாந்தின் குழந்தை உளவியலாளர் ழான் பியாஜே 1920-களிலேயே பாதி வாக்கியம் கொடுத்துப் பிள்ளைகளை முடிக்கச் சொன்னார். சின்னப் பிள்ளைகளில் சிலர் காரணம் சொல்லவேண்டிய இடத்தில் விளைவைச் சொன்னார்கள். 'விழுந்தான், ஏனென்றால் கை உடைந்தது' என்கிற மாதிரி. வயது ஏற ஏறச் சரியாகும். நிறையப் பேசவிட்டால் இன்னும் நல்லது.

'வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், அதான் குழம்புகிறான்' என்று சில அம்மாமார் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கூரை ஏன் பறக்கும் என்ற யோசனை இரு மொழிக்கும் ஒன்றுதான். எந்த மொழியில் வருகிறதோ அதில் சொல்லட்டும்.

இன்று ஆளுக்கொரு கதைப்புத்தகம் எடுத்துப் போங்கள். இரவில் பாதிக் கதையில் நிறுத்தி, 'ஏன் இப்படிச் செய்தான்?' என்று கேளுங்கள். பதில் வந்ததும் சரி, தப்பு என்று தீர்ப்புச் சொல்லவேண்டாம். 'எதைப் பார்த்துச் சொல்கிறாய்?' என்று மட்டும் கேளுங்கள். விரல் ஏதாவதொரு வரிக்குப் போகும், இல்லையென்றால் படத்துக்குப் போகும். இரண்டும் எனக்குச் சம்மதம்.