பொங்கல் இரண்டு, தீபாவளி ஒன்று

வணக்கம் மக்களே. இரவு பத்தரை, இன்னும் அலுவலகத்தில்தான் இருக்கிறேன். கையில் வழக்கமான கோப்பி-ஓ கோசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி. பயப்படாதீர்கள், பிரிண்டரைப் பற்றிப் பேசப்போவதில்லை. போன மாதம் செய்த சத்தியம் சத்தியம்தான்.

இன்றைய கதை வேறு. எங்கள் எல்லாருடைய கோப்புகளும் இருக்கும் சர்வரில் பொங்கல் என்ற பெயரில் கோப்பு இரண்டு இருந்தது. தீபாவளி ஒன்றுதான். புத்தாண்டும் ஒன்றுதான். தமிழ்மொழி விழா இரண்டு! ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

சிங்கப்பூர் ஊபியில் இருக்கும் எங்கள் அச்சகம் உங்களுக்குத் தெரியும். ஒன்பது விண்டோஸ், நான்கு மேக், மூலையில் உபுண்டு என்ற லினக்ஸ் ஓடும் சர்வர். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தபோது, 11-க்குத் தகுதியில்லாத இரண்டு பழைய கணினிகளையும் உபுண்டுவுக்கு மாற்றினோமே, அந்தக் காணொளியில் கணக்கு அண்ணன் முகம் போன போக்கை நீங்களே பார்த்தீர்கள். இவ்வளவு பேரும் ஒரே பகிர்வுக் கோப்புறையைச் சாம்பா வழியாகத்தான், அதாவது லினக்ஸ் சர்வரின் கோப்புகளை விண்டோஸுக்கும் மேக்குக்கும் காட்டும் மென்பொருள் வழியாகத்தான் பார்க்கிறார்கள். சாம்பாவை நான் குறை சொல்லவே மாட்டேன், அது என் செல்லம்.

போன வாரம் டிசைன் அக்கா ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "தம்பி, பழைய பண்டிகைச் சுவரொட்டி எல்லாம் இதில் இருக்கிறது, சர்வரில் போட்டுவிடு." கேபிள் எங்கே அக்கா? கேபிள் இல்லை. அதுவும் சாதாரண கேபிள் இல்லை, தட்டையாக, அகலமாக, நடுவில் ஒரு பள்ளத்தோடு இருக்குமே, அந்த மைக்ரோ-பி யூஎஸ்பி முனை. எனக்கு உலகத்திலேயே பிடிக்காத முனை அதுதான்.

கணினிச் சாமான் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் போனேன். தரைத்தளத்தில் 15 வெள்ளி. எதற்கு 15 வெள்ளி, தங்கமா உள்ளே? மூன்றாம் மாடியில் 8 வெள்ளி. ஐந்தாம் மாடியில் ஒரு பெரியவர் டப்பாவைக் கிளறி எடுத்து 5 வெள்ளி 50 காசு என்றார். வாங்கிக்கொண்டு, வேண்டுமென்றே தரைத்தளக் கடை வழியாகக் கையில் ஆட்டிக்கொண்டே நடந்தேன். யாரும் பார்க்கவில்லை. பரவாயில்லை, நான் நடந்தேன். கேபிள் ஒரு சாண் நீளம்தான். டிஸ்க்கை மேக்கின் பின்னால் அகராதி மேல் உட்காரவைத்துத்தான் வேலை நடந்தது.

மேக்கில் மாட்டி, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவியைப் போட்டு நேரே சர்வருக்கு அனுப்பினேன். இந்தச் சுவரொட்டிகளில் பாதி ஏற்கெனவே சர்வரில் இருந்தன, ஆர்சிங்க் அவற்றைத் தாண்டிப்போகும் என்று நம்பினேன். மறுநாள் காலை கணக்கு அண்ணன் கூப்பிடுகிறார்: "ஒரே பெயரில் இரண்டு கோப்பு எப்படிப்பா இருக்கும்?" அண்ணே, இருக்கவே முடியாது என்று சிரித்தேன். போய்ப் பார்த்தால் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து அதே பெயர். இடைவெளி கூடுதலாக இருக்குமோ என்று பார்த்தேன், இல்லை. உபுண்டுவில் பெயரைத் தட்டித் தேடினால் ஒன்று மட்டும் கிடைக்கிறது!

இரட்டையாக இருந்தவற்றை வரிசையாக எழுதிப் பார்த்தேன். பொங்கல், கோயில், கொலு, தமிழ்மொழி. ஒற்றையாக இருந்தவை தீபாவளி, புத்தாண்டு, அழைப்பிதழ். பார்த்துக்கொண்டே இருந்தபோது பளிச்சென்று பட்டது. ஒகர, ஓகாரம்! எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி வருவதெல்லாம் இரட்டை. பெயரை ஹெக்ஸ்டம்ப்பில் போட்டேன், எழுத்துகளுக்குப் பின்னால் கணினி வைத்திருக்கும் பைட்களை, அதாவது எண்களை, அது அப்படியே காட்டும். ஒரு பொங்கலில் அந்த ஒகரக் குறி 3 பைட். இன்னொன்றில் 6 பைட். அதாவது ஒன்றில் அது ஒரே குறி, மற்றதில் எகரக் கொம்பு தனி, கால் தனி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

ஐயோ, முக்கியமானதைச் சொல்லாமல் ஓடிவிட்டேன். அந்த டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைத்திருக்கும் முறை பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் வடிவம். ஆப்பிளின் அந்த வடிவம் கோப்புப் பெயரை வாங்கும்போதே இப்படிக் குறிகளைப் பிரித்துத்தான் வைக்கும். என்எஃப்டி என்பார்கள். விண்டோஸில் தட்டினால் பெரும்பாலும் சேர்ந்தே வரும், அது என்எஃப்சி. லினக்ஸுக்கு இந்த வம்பே வேண்டாம், பைட் வேறென்றால் கோப்பும் வேறு. ஆர்சிங்க்கில் ஐகான்வ் என்றொரு விருப்பம் இருக்கிறது, போகும் வழியிலேயே பெயரை மாற்றிவிடும். ஆனால் அது ஆர்சிங்க் 3.0 பதிப்பில்தான் வந்தது. மேக்கோடு வரும் ஆர்சிங்க் பல வருடம் 2.6.9-லேயே உட்கார்ந்திருந்தது. அந்தப் பழைய மேக்கில் இருந்ததும் அதுதான்.

மருந்து கான்வ்எம்வி, கோப்புப் பெயர்களின் எழுத்து முறையை மாற்றும் கருவி. ஒரே வரிக் கட்டளை, என்எஃப்சிக்கு மாற்று என்று சொன்னால் போதும். எனக்குப் பிடித்தது என்னவென்றால், நோடெஸ்ட் என்று நீங்கள் எழுதிச் சொல்லும்வரை அது எதையும் தொடாது, என்ன செய்வேன் என்று காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். எல்லாக் கருவியும் இப்படி இருந்தால் எனக்கு முடி கொட்டியிருக்காது. அதே பெயர் ஏற்கெனவே இருந்தால் மேலே எழுதாது. ரீப்ளேஸ் என்று சேர்த்தால், உள்ளடக்கம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் மட்டும் எழுதும். முதலில் காப்பு எடுத்தேன், அதையும் சொல்ல மறந்தேன். பிறகு ஓட்டினேன். 214 இரட்டைகளில் 203 ஒன்றாயின. மீதி 11-ஐ அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, எது கடைசியாகத் திருத்தியது என்று சொன்னார்.

பொங்கல் ஒன்று! நாற்காலியில் ஒரு சுற்று சுற்றினேன். அப்புறம்தான் கீழே உருட்டிப் பார்த்தேன். ஒரு கோயில் வாடிக்கையாளரின் கோப்புறை, ஸ்ரீ என்று தொடங்குவது, இன்னும் இரண்டாகவே நிற்கிறது. அதில் ஓகாரமே இல்லை. மறுபடி ஹெக்ஸ்டம்ப். ஒன்று ஸகரத்தில் தொடங்குகிறது, மற்றது, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு தரத்தில் 2005-இல், 4.1 பதிப்பில் சேர்ந்த ஶகரத்தில். பார்க்க ஒரே ஸ்ரீ. யூனிகோடு கணக்கில் இவை வேறு வேறு எழுத்து, கான்வ்எம்வி கிட்டவே போகாது. இதைக் கையால்தான் சேர்க்கவேண்டும். நாளை யார் எந்தக் கீபோர்டில் தட்டுகிறார்கள் என்று அக்காவையும் அண்ணனையும் கேட்கவேண்டும். இரண்டு பேருமே "நான் சரியாத்தான் அடிக்கிறேன்" என்பார்கள் பாருங்கள். சரி, விளக்கை அணைக்கிறேன், ரயிலைப் பிடிக்கவேண்டும்.