அம்மா போர்முனைக்குப் போகும்போது மட்டும் வருகிற கேள்வி

வணக்கம். இன்றைக்குப் பின்னணி இசை எதுவும் வைக்கவில்லை, நேராகவே பேசிவிடுகிறேன்.

ராணுவ விமான தளம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சீருடையில் ஒருவர் மண்டியிட்டு, இரண்டு வயதுக் குழந்தையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அது அப்பா என்றால் நமக்குக் கண் கலங்குகிறது. அம்மா என்றால்? கண் கலங்குவதற்கு முன்பே வாயில் ஒரு கேள்வி வந்துவிடுகிறது: "இந்தப் பிஞ்சை விட்டுவிட்டுப் போக எப்படி மனசு வந்தது?" எனக்கும் முதலில் அந்தக் கேள்விதான் வந்தது. அதனால்தான் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

1990-91 வளைகுடாப் போரில் அமெரிக்கா ஏறக்குறைய 40,000 பெண்களை அனுப்பியது. அவர்களில் எத்தனையோ பேர் கைக்குழந்தையைத் தாயிடமோ கணவரிடமோ ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியவர்கள். பத்திரிகைகள் அதற்கு 'அம்மாக்களின் போர்' என்றே பெயர் வைத்தன. பெண்கள் ராணுவத்தில் இருப்பதை ஏற்றுக்கொண்ட மக்களே, சிறு குழந்தைகளின் தாயை அனுப்புவது தவறு என்றார்கள். 2013-ல் போர்ப் பிரிவுகளில் பெண்களுக்கு இருந்த தடையை நீக்கியபோது, காலப் கருத்துக்கணிப்பில் 74 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். பெண் என்றால் சரி, தாய் என்றால் மட்டும் மனசு தயங்குகிறது.

இந்தத் தயக்கம் ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. 1951-ல் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட ஆணைப்படி, கர்ப்பமான பெண்ணை மட்டுமல்ல, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கும் பெண்ணையும் படையிலிருந்து விலக்கலாம். மாற்றாந்தாயாக இருந்தாலும் அதே கதிதான். 1970-ல் வியட்நாமில் இருந்த விமானப்படைச் செவிலியர் சூசன் ஸ்ட்ரக் கர்ப்பமானார். கருவைக் கலைத்துவிடு, இல்லையென்றால் வெளியே போ என்றார்கள். அவர் இரண்டையும் மறுத்தார். குழந்தையைப் பெற்றுத் தத்துக் கொடுத்தார், வழக்கும் தொடுத்தார். உச்ச நீதிமன்றத்தில் அவருக்காக வாதாட முன்வந்தவர், பின்னாளில் அதே நீதிமன்றத்தின் நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க். விசாரணைக்கு முன்பே விமானப்படை பின்வாங்கிவிட்டதால் தீர்ப்பு வரவே இல்லை. பிரிட்டனும் சளைத்ததல்ல. 1978 முதல் 1990 வரை கர்ப்பமான ஆயிரக்கணக்கான பெண்களைப் படையிலிருந்து வெளியேற்றிவிட்டு, பிறகு அதற்கு நஷ்டஈடு கொடுத்தது. அப்பா ஆனார் என்பதற்காக ஒரு சிப்பாயை விலக்க இப்படி ஒரு விதி இருக்கவில்லை.

என்னை அதிகம் உலுக்கியது 2003 மார்ச் 23. ஈராக்கின் நாசிரியா. அமெரிக்கத் தரைப்படையில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஒரு பிரிவு வழிதவறிப் போய் ஊருக்குள் மாட்டிக்கொண்டது. 11 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் லோரி பியெஸ்டேவா, ஹோப்பி பழங்குடிப் பெண், வயது 23, இரண்டு குழந்தைகளின் தாய். பிடிபட்டவர்களில் ஒருவர் ஷோஷானா ஜான்சன். அவர் படையின் சமையல்காரர். கணுக்கால்களில் குண்டு பாய்ந்த நிலையில் 22 நாள் கைதியாக இருந்தார். வீட்டில் சின்னஞ்சிறு மகள். செய்தி வந்ததும் "இரண்டு பிள்ளை பெற்றவளை ஏன் அனுப்பினார்கள்?" என்று பேச ஆரம்பித்தார்கள். அன்று இறந்த ஆண்களிலும் பிள்ளை பெற்றவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி அந்தக் கேள்வி எழவில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் இனி அப்பாவைப் பார்க்கப் போவதில்லை என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த இருவரும் சண்டைப் பிரிவில் இல்லை. ஒருவர் சமையல், இன்னொருவர் சரக்கு, தளவாடம். "தாய்மார்களைப் பின்வரிசையில் வையுங்கள்" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: எது பின்வரிசை?

சரி, அப்படியானால் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. பிரசவம் முடிந்த உடம்பு, பால் குடிக்கும் குழந்தை. இதை மறுக்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். நாலு மாதக் குழந்தையின் தாயை வெளிநாட்டுக்கு அனுப்புவது கொடுமைதான். அமெரிக்கத் தரைப்படை 2022-ல் தான் பிரசவத்துக்குப் பிறகு ஒரு வருடம் வரை அனுப்புவதில்லை என்று விதியை மாற்றியது. கடற்படை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே செய்துவிட்டது. இப்படி ஒரு விதி இருந்தால், "எப்படி மனசு வந்தது" என்ற பழியை ஒரு பெண் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

அதற்கு மேல் இருப்பது குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வி. தனியாகப் பிள்ளை வளர்ப்பவரும், தம்பதி இருவருமே படையில் இருப்பவர்களும், 'குடும்பப் பராமரிப்புத் திட்டம்' என்று ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும். நான் போனால் பிள்ளை யாரிடம், அவருக்கு முடியாமல் போனால் அடுத்து யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். காகிதத்தில் நன்றாக இருக்கிறது. ஆனால் 2009-ல் கைக்குழந்தையோடு தனியாக இருந்த ஒரு பெண் சிப்பாய்க்கு ஆப்கானிஸ்தான் போக உத்தரவு வந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த பாட்டியால் கடைசியில் முடியவில்லை. அந்தப் பெண் விமானம் ஏறவில்லை, அவரைக் கைது செய்தார்கள். பார்த்துக்கொள்பவர் கைவிரித்தால் என்ன செய்வது என்பதற்கு அந்த ராணுவத்திடம் அன்று இருந்த பதில் அதுதான்.

எனவே, அந்தக் கேள்வி தப்பு என்று நான் நினைக்கவில்லை. குழந்தைக்காக ஒருவர் கேட்கத்தான் வேண்டும். நாம் கேட்கிற ஆள்தான் தப்பு. அனுப்புகிறவர்களிடம் கேட்க வேண்டும். அப்புறம், அப்பாக்களிடமும் கேட்க வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் அப்பா படையில் இருந்தவர். ஒருமுறை பதினோரு மாதம் கழித்து வந்தார். எனக்கு அப்போது நாலு வயது, யாரோ வந்திருக்கிறார் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்று அம்மா சொல்லுவார். இந்த வீடியோவுக்காக நேற்று அப்பாவிடம் கேட்டேன்: "என்னை விட்டுட்டுப் போக எப்படி மனசு வந்துச்சுன்னு யாராவது உங்களைக் கேட்டிருக்காங்களா?"

"யாரும் கேட்டதில்லை," என்றார். ரொம்ப நேரம் கழித்து, "நீ கதவுக்குப் பின்னாடி நின்னது இன்னும் ஞாபகம் இருக்கு," என்றார்.