பவர் பட்டனுக்கும் எழுத்துருவுக்கும் என்ன சம்பந்தம்?

வணக்கம் நேயர்களே.

2011ஆம் ஆண்டில் என் முதல் ஆண்டிராய்டு போனை வாங்கினேன். வாங்கிய அன்று மாலை தம்பி தமிழில் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். திறந்தால் வரி வரியாக வெறும் கட்டங்கள். அன்றைய ஆண்டிராய்டு போன்கள் பலவற்றில் தமிழ் எழுத்துருவே கிடையாது. ஓபரா மினி உலாவியில் ஓர் அமைப்பை மாற்றினால் எழுத்துகளைப் படமாக வரைந்து காட்டும், தமிழ்த் தளங்களை அதில் படித்துக்கொள்ளலாம். ஆனால் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் கட்டம் கட்டமாகத்தான் வரும்.

எழுத்துருவை நாமே போடலாம் என்றால், அந்தக் கோப்பு போய் உட்கார வேண்டிய இடம் போனின் சிஸ்டம் பகுதி. அங்கே கைவைக்க நமக்கு அனுமதி இல்லை. காசு கொடுத்து வாங்கிய போனில் நாம் வாடகைக்குக் குடியிருப்பவர் மாதிரிதான்: அறையில் நாற்காலியை மாற்றிப் போடலாம், சுவரில் ஆணி அடிக்க முடியாது. வீட்டுக்காரரின் கொத்துச் சாவியை நம் கையில் வாங்குவதற்குப் பெயர்தான் ரூட் செய்வது. நான் செய்தேன். தமிழ் வந்தது. கொம்பு மட்டும் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. 'கெ' என்பது 'க' போட்டு அப்புறம் கொம்பு என்று தெரியும். இருந்தாலும் தம்பியின் கடிதத்தைப் படித்துவிட்டேன். அந்த மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது.

ஏழு மாதம் கழித்துப் பவர் பட்டன் உள்ளே அமுங்கி, வெளியே வரவில்லை. வாரண்டி ஒரு வருடம். சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கிருந்தவர் போனைக் கணினியில் இணைத்துப் பார்த்துவிட்டு, "ரூட் பண்ணியிருக்கீங்க சார், வாரண்டி கிடையாது" என்றார். "பவர் பட்டனுக்கும் எழுத்துருவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன். "கம்பெனி ரூல் சார்" என்றார். பணம் கட்டி மாற்றிக்கொண்டு வந்தேன். மறுப்பதை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அது எனக்கு வருத்தம்தான்.

அன்று நான் கேட்ட கேள்விதான் இந்த விஷயத்தின் மையம். செய்த மாற்றத்துக்கும் வந்த பழுதுக்கும் தொடர்பு உண்டா? உண்டு என்றால் நிறுவனம் மறுப்பது நியாயம். இல்லை என்றால் நியாயமில்லை.

தொடர்பு உள்ள பழுதுகள் நிறையவே உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஒலியை அதிகமாக்கும் மாற்றங்களைப் போட்டால் ஸ்பீக்கர் தாங்க வேண்டிய அளவைத் தாண்டி மின்சாரம் போகும், சுருள் கருகும். வெப்பக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டுச் சிப்பை வேகமாக ஓடவிட்டால் போன் கொதிக்கும், பேட்டரி கெடும். 2018இல் ரெட்மி நோட் 5 புரோ வைத்திருந்த பலர் பழைய மென்பொருளுக்குத் திரும்பலாம் என்று அதை ஏற்றினார்கள். பழைய பதிப்பு ஏறக்கூடாது என்று நிறுவனம் புதிதாக ஒரு தடை வைத்திருந்தது தெரியாமல் செட் டெட் ஆனது. திரையில் ஒன்றுமே வராது, போன் வெறும் செங்கல். இந்த மாதிரி இடங்களில் வாரண்டி கேட்டு வாதாடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் சார்ஜிங் பின் ஆடுகிறது, திரையில் ஒரு கோடு விழுந்திருக்கிறது, பட்டன் அமுங்கிவிட்டது என்றால்? போன் துவங்கும்போது எந்த மென்பொருளை ஏற்றலாம் என்று பார்க்கும் காவலாளிக்குப் பூட்லோடர் என்று பெயர், ரூட் செய்யப் பெரும்பாலும் முதலில் அதன் பூட்டைத்தான் திறக்க வேண்டும். பூட்லோடர் திறந்திருப்பது இதையெல்லாம் செய்யாது.

அமெரிக்காவில் 1975லேயே இதற்கு மேக்னசன்–மோஸ் சட்டம் வந்துவிட்டது. வேறு நிறுவனத்தின் உதிரிப் பாகத்தைப் போட்டார் என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று நிறுவனம்தான் காட்ட வேண்டும். 2018 ஏப்ரலில் அந்நாட்டு வர்த்தக ஆணையம், 'இந்த ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி இல்லை' என்பது போன்ற வாசகங்களுக்காக ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஐரோப்பாவில் விற்றவரின் பொறுப்பு இரண்டு வருடம். ரூட் செய்வதால் மட்டும் அந்தச் சட்ட உரிமை போகாது என்று ஐரோப்பாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2012இல் ஓர் ஆய்வையே வெளியிட்டது.

நிறுவனங்களும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றின் வாரண்டி நிபந்தனையில் பூட்லோடரைத் திறந்தாலே உரிமை போய்விடும் என்று இருக்கும். சில நிறுவனங்கள் திறப்பதற்கு வழியையும் அவர்களே கொடுப்பார்கள். ஷியோமி போன்களில் அனுமதி கேட்டுவிட்டு 168 மணி நேரம், அதாவது ஒரு வாரம், காத்திருக்கச் சொன்னார்கள். அவசரப்பட்டுச் செய்கிறவர் யோசித்துப் பார்க்க அந்த ஒரு வாரம் நல்லது என்றே நினைக்கிறேன்.

சாம்சங் போன்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அவற்றின் சிப்புக்குள், நாக்ஸ் என்ற சாம்சங்கின் பாதுகாப்பு ஏற்பாட்டுக்காக ஒரு மின்னணு ஃபியூஸ் இருக்கிறது. வீட்டில் ஃபியூஸ் போனால் கம்பி மாற்றிவிடுவோம். இது அப்படியில்லை, ஒரே ஒரு முறை எரியும், பிறகு என்ன செய்தாலும் திரும்பாது. நிறுவனத்தின் கையொப்பம் இல்லாத மென்பொருளை போன் துவங்கும் பகுதியில் ஏற்றினால் அது எரிந்து, 0 என்று இருந்த குறி 1 ஆகிவிடும். பழைய மென்பொருளையே மறுபடி ஏற்றினாலும் 1 தான். அந்தரங்கக் கோப்புகளைப் பூட்டி வைக்கும் பத்திரக் கோப்புறை வேலை செய்யாது, சாம்சங்கின் பணம் செலுத்தும் வசதி வேலை செய்யாது. மதர்போர்டையே மாற்றினால்தான் அந்தக் குறி போகும். 'பண்ணிப் பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஆக்கிவிடலாம்' என்று யாராவது உங்களிடம் சொன்னால், சாம்சங் போனில் அது நடக்காது.

மற்ற போன்களிலும் சில இழப்புகள் உண்டு. பூட்லோடரைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் படங்கள், செய்திகள் எல்லாம் அழிந்துவிடும். திருடன் கையில் போன் கிடைத்தால் நம் தகவல் போகக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். பல வங்கிச் செயலிகள் திறக்காது. படம் பார்க்கும் செயலிகளில் தெளிவு குறையும். ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் இருக்கும் பகுதி கெட்டுப்போனால் சிம் போட்டும் சிக்னல் வராது. அப்போது வேறு எண்ணை எழுதித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்தியாவில் அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

இத்தனையும் தெரிந்த பிறகும் செய்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நிறுவனம் அப்டேட் நிறுத்திவிட்ட, ஆனால் நன்றாக இருக்கிற ஒரு போனில், ஆண்டிராய்டை வைத்துத் தன்னார்வலர்கள் உருவாக்கும் லீனியேஜ் ஓஎஸ் என்ற மென்பொருளைப் போட்டு இன்னும் மூன்று வருடம் ஓட்டுபவர்களை எனக்குத் தெரியும். வாரண்டி முடிந்த பிறகு செய்வது நல்லது என்று மட்டும் சொல்வேன்.

சரி, வாரண்டி காலத்திலேயே செய்தாயிற்று, தொடர்பில்லாத பழுதும் வந்துவிட்டது, சர்வீஸ் சென்டரில் மறுக்கிறார்கள். இந்தியாவில் மென்பொருள் மாற்றத்துக்கென்று தனி விதி இல்லை. ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சேவைக் குறைபாடு என்று அதன் கீழ் புகார் செய்யலாம். அதற்கு உங்கள் கையில் காகிதம் வேண்டும். போனைக் கொடுக்கும்போதே ஜாப் ஷீட்டில், அதாவது சர்வீஸ் சென்டரில் தரும் பழுதுச் சீட்டில், என்ன பழுது என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், எந்தக் காரணத்தால் மறுக்கிறோம், மென்பொருள் மாற்றம் இந்தப் பழுதை எப்படி உண்டாக்கியது என்று எழுத்தில் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு மேஜையில் இருப்பவரிடம் பெரும்பாலும் பதில் இருக்காது. பாவம், அவரிடம் கோபப்பட வேண்டாம், விதியை எழுதியவர் அவரில்லை. மேலாளரிடம் போகட்டும், நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போகட்டும்.

அதிலும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, போன் எல்லாம் அதற்குள் வந்துவிடும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பில், வாரண்டி அட்டை, ஜாப் ஷீட், அவர்கள் எழுதிய பதில், இந்த நான்கையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

நன்றி, வணக்கம்.