குழந்தையை ஆயர் வீட்டில் கைமாற்ற வேண்டாம்

சேகரக் கமிட்டி அங்கத்தினர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளே,

இன்றும் சில சபைகளில் நடப்பதைச் சொல்கிறேன். கல்யாணம் ஆகாத பெண்ணுக்குப் பிள்ளை பிறக்கிறது. மானம் போகுமே என்று வீட்டார் ஆயரிடம் ஓடி வருகிறார்கள். அதே சபையில் பிள்ளைக்காக ஏங்கும் தம்பதி இருக்கிறார்கள். முத்திரைத்தாளில் கையெழுத்து, ஒரு ஜெபம், பிள்ளை கைமாறிவிடுகிறது. நல்ல மனசுதான், ஆனால் அந்தத் தாள் செல்லாது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி இதற்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. பிறப்புச் சான்றிதழ் சிக்கலில் கடைசிவரை அல்லாடப்போவது பிள்ளை.

தாயைக் குழந்தைகள் நலக் குழுவிடம் கூட்டிப்போங்கள். ஒப்படைப்புப் பத்திரம் அங்கேதான் எழுத வேண்டும். மனம் மாற அவளுக்கு 60 நாள் உண்டு. அந்த நாட்களில் "கொடுத்துவிடு" என்று நெருக்கவும் கூடாது, "நீயெல்லாம் தாயா" என்று குத்தவும் கூடாது. கோவில் வாசலில் விடப்பட்ட குழந்தையானால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள். ஞாயிறு ஆராதனை வரை வைத்திருந்து சபைக்குக் காட்டுவதெல்லாம் வேண்டாம்.

கிறிஸ்தவர் தத்தெடுக்க முடியாது என்று பெரியவர்கள் சிலர் இன்னும் சொல்கிறார்கள். 1890ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதுகாவலராக மட்டுமே இருக்க முடிந்த காலத்துப் பேச்சு அது. இப்போது தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் (CARA) இணையதளத்தில் பதிந்து, மாவட்ட ஆட்சியர் ஆணையோடு வரும் பிள்ளை முழு வாரிசு. ஒன்றைக் கவனியுங்கள்: கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85க்கு மேல் வருமானால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பதிய முடியாது. இருவருக்கும் 45 என்றால் அந்த வாசல் மூடிவிட்டது. ஆகவே சிகிச்சைக்கு அலையும் தம்பதியிடம் "காத்திருந்து ஜெபியுங்கள்" என்று மட்டும் சொல்லி வருஷத்தைக் கடத்தாதீர்கள்.

வளர்ப்புப் பராமரிப்பு, அதாவது பிள்ளையைத் தத்தெடுக்காமல் கொஞ்ச காலம் வீட்டில் வைத்து வளர்ப்பது, இதிலிருந்து வேறு. அதில் பெற்றவர் உரிமை போய்விடுவதில்லை; பிள்ளை திரும்பிப் போகலாம். வருவது பெரும்பாலும் விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை. சோற்றைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கும். ஞாயிறு பள்ளியில் அடுத்த பிள்ளையின் பிஸ்கட்டை எடுத்துப் பையில் போடும். பசித்துப் பழகிய பிள்ளை அது. திருட்டு என்று ஆசிரியை எல்லார் முன்னும் கேட்டுவிட்டால், அந்தப் பிள்ளை மறுபடி அந்தப் பக்கம் வராது. வளர்க்கிற அம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் சாப்பாடு கொடுத்தனுப்புங்கள். கணக்குப் பாடம் சொல்லித்தர ஒரு வாலிபரை அனுப்புங்கள். ஞானஸ்நானம் எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள். சாட்சி நேரத்தில் பிள்ளையை மேடைக்கு அழைப்பதோ, சபை வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவதோ அறவே கூடாது.