தீண்டாமை: சட்டம் பொருள் சொல்லாமல் விட்ட சொல்

[திரையில்: பள்ளிப் பாடநூலின் முன்பக்கம்]

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இது மறந்திருக்காது. 'தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்.' தப்பு என்று மூன்று முறை சொல்லியாகிவிட்டது. சரி, தீண்டாமை என்றால் என்ன? அது அந்தப் பக்கத்தில் இருக்காது.

பாடநூலை விடுங்கள், அரசியலமைப்பிலேயே இல்லை. 17-வது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. எந்த வடிவிலும் அதைக் கடைப்பிடிக்கக் கூடாது என்கிறது. சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டதோடு சரி, விளக்கம் கிடையாது.

[திரையில்: 29 நவம்பர் 1948, அரசியல் நிர்ணய சபை]

யாரும் கேட்கவில்லையா? கேட்டார்கள். மதம் அல்லது சாதி காரணமாக ஒருவரைத் தீண்டத்தகாதவராக நடத்துவது என்று வரையறுத்துவிடலாம் என சபை உறுப்பினர் நசிருதீன் அகமது திருத்தம் கொண்டுவந்தார். இன்னொரு உறுப்பினர் கே.டி.ஷா வேறு பக்கம் போனார். மாதத்தின் சில நாட்களில் பெண்களையும் தீண்டக் கூடாது என்று ஒதுக்குகிறார்களே, சாவு காரியம் செய்தவர்களையும் கொஞ்ச நாள் தள்ளி வைக்கிறார்களே, அதுவும் இதில் வருமா என்றார். அம்பேத்கர் திருத்தத்தை ஏற்கவில்லை. ஷாவுக்குப் பதிலும் சொல்லவில்லை.

1958-ல் மைசூர் உயர் நீதிமன்றம் அந்த மேற்கோள் குறியையே பிடித்துக்கொண்டது. அகராதிப்படி 'தொடாமல் இருப்பது' இங்கே பொருள் இல்லை, இந்த நாட்டில் வரலாற்றில் வளர்ந்து வந்த வழக்கம்தான் பொருள் என்றது. தொற்றுநோய்க்காரரைத் தனியே வைப்பது தீண்டாமை ஆகாதது இதனால்தான். டீக்கடையின் இரட்டைக் குவளையும், தலித் குடியிருப்பைப் பிரித்து எழுப்பப்பட்டு 2008-ல் ஒரு பகுதி இடிக்கப்பட்ட மதுரை மாவட்டம் உத்தபுரம் சுவரும் அந்தப் பெயரில் வருவதும் இதனால்தான்.

1955-ல் வந்த தீண்டாமைச் சட்டமும் (1976-ல் இருந்து குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்) சொல்லை விளக்கவில்லை. கோயில், கடை, கிணறு, மருத்துவமனை என்று எங்கெங்கே தடுத்தால் குற்றம் என்று அடுக்கியது. அதன் 12-வது பிரிவு முக்கியமானது, பலருக்கும் தெரியாதது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், செயல் தீண்டாமையால்தான் நடந்தது என்று நீதிமன்றம் கருத வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை.

[திரையில்: சபரிமலை தீர்ப்பு, செப்டம்பர் 2018]

ஷாவின் கேள்வி எழுபது வருடம் கழித்து உச்ச நீதிமன்றத்தில் வந்து நின்றது. மாதவிலக்கைக் காரணம் காட்டிப் பெண்களை விலக்குவதும் 17-வது பிரிவில் வரும் என்றார் நீதிபதி சந்திரசூட். அந்தப் பிரிவு சாதிக் கொடுமைக்காக வந்தது, இதற்குப் பொருந்தாது என்று மாறுபட்டு எழுதினார் நீதிபதி இந்து மல்கோத்ரா. இரண்டிலும் நியாயம் இருக்கிறது; என் சாய்வு சந்திரசூட் பக்கம். ஆனால் ஒன்று, 1948-ல் அகமதுவின் திருத்தம் நிறைவேறியிருந்தால் தீண்டாமை மதம், சாதி என்பதோடு நின்றிருக்கும்; சந்திரசூட்டின் வாதத்தை அவ்வளவு எளிதாக வைத்திருக்க முடியாது.