வீட்டு மாடியில டிரம்ஸ் ரெக்கார்டிங்: 7 மைக் கிட் வாங்கலாமா?

அடுத்த கேள்வி காட்பாடியிலேருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கார். சர்ச்சுல டிரம்ஸ் வாசிக்கிறவர். மாடியில 10க்கு 12 ரூம், மேல காங்கிரீட் தளம். கையில ரெண்டு மைக் போடுற இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோட இணைக்கற பெட்டி) இருக்குது. "7 மைக் வர்ற டிரம் மைக் கிட் வாங்கலாமாண்ணா?"ன்னு கேக்கறார்.

வேணாம் தம்பி. ஏழு வாங்கினாலும் ஒரே நேரத்துல ரெண்டுதான் உள்ள போகும். முதல்ல இன்டர்ஃபேஸை மாத்துங்க, நாலு மைக் ப்ரீஆம்ப் (மைக்கோட சின்ன சிக்னலைப் பெருசாக்கற பகுதி) இருக்கறதா பாருங்க. பெட்டி மேல போட்டிருக்கற நம்பரை நம்பிடாதீங்க. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 4ஐ4ல இன்புட் நாலு, ஆனா மைக் ப்ரீஆம்ப் ரெண்டுதான். மத்த ரெண்டும் லைன் இன்புட், கீபோர்டுக்கு ஆகும், மைக்குக்கு ஆகாது. பெஹ்ரிங்கர் யுஎம்சி 404 ஹெச்டில நாலுமே மைக் ப்ரீஆம்ப், கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் ஃபாண்டம் கரண்டும் உண்டு.

மைக் நாலு போதும். கிக்குக்கு (காலால அடிக்கற பெரிய டிரம்) ஒண்ணு, ஸ்னேருக்கு (முன்னாடி இருக்கற, கம்பி அதிர்ற சின்ன டிரம்) ஷ்யூர் எஸ்எம் 57 மாதிரி ஒரு டைனமிக் (பலமான சத்தத்தைத் தாங்கற மைக்), மேல ஒரே மாடல் கண்டென்சர் (நுணுக்கமான சத்தத்தையும் பிடிக்கற மைக்) ரெண்டு. டாம் (மத்த டிரம்), ஹை-ஹேட் (கால் பெடல்ல மூடித் திறக்கற ஜோடித் தட்டு), சிம்பல் (தட்டு) எல்லாத்தையும் மேல இருக்கற ஜோடியே பிடிச்சிடும். அதனால காசை அதுல போடுங்க.

அந்த ஜோடியை வைக்கிறதுலதான் பாதிப் பேர் கோட்டை விடறாங்க. ஒரு நூலை எடுத்து ஸ்னேர் நடுவுல முனையை வச்சு, முதல் மைக் வரைக்கும் இழுத்து முடிச்சு போடுங்க. மூணு அடி கிட்ட வரட்டும். ரெண்டாவது மைக்கும் அதே முடிச்சைத் தொடணும். ஒரு அடி வித்தியாசம் வந்தாலே ஒரு மைக்குக்குச் சத்தம் கிட்டத்தட்ட 1 மில்லிசெகண்ட் தாமதமா போகும். ரெண்டையும் சேர்த்துக் கேட்டா ஸ்னேர் தகர டப்பா மாதிரி இருக்கும்.

ஸ்னேர் மைக் டிரம் விளிம்புக்கு (ரிம்) மேல ரெண்டு இன்ச், மைக்கோட முதுகு ஹை-ஹேட் பக்கம். கிக் மைக்கை முன்தோல் ஓட்டைக்குள்ள ரெண்டு மூணு இன்ச் விடுங்க. எல்லாத்தையும் சேர்த்துக் கேக்கறப்போ கிக் மெலிஞ்சு போச்சுன்னா, சாஃப்ட்வேர்ல அந்த டிராக்கோட போலாரிட்டியை (சத்த அலையோட மேல் கீழ்) திருப்பிப் பாருங்க. பல நேரம் அதுலயே சரியாயிடும்.

ரூம் விஷயம். தளத்துல பட்டுத் திரும்பற சத்தம்தான் பெரிய தலைவலி. டிரம்ஸுக்கு நேர் மேல தடிச்ச கம்பளியை ரெண்டு மூணு மடிப்பா, தளத்தை ஒட்டாம கொஞ்சம் தள்ளித் தொங்க விடுங்க, கீழ ஜமுக்காளம் விரிங்க. முட்டை ட்ரே ஒட்டினா பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போறது குறையாது, அதைத் தடுக்க கனமான சுவர்தான் வேணும். நம்ம வேலூர் வெயில்ல கஷ்டம்தான், இருந்தாலும் ரெக்கார்ட் பண்றப்போ ஃபேனை நிறுத்திடுங்க, காத்து கண்டென்சர்ல பட்டா குபுகுபுன்னு விழும். விடியக்காலையில வச்சுக்கலாம்.

கெயின் (மைக் சத்தத்தை எவ்வளவு பெருசாக்கறதுங்கற அளவு) வைக்கிறப்போ மெதுவா தட்டிப் பார்க்காதீங்க. பாட்டுல எவ்வளவு பலமா அடிப்பீங்களோ அப்படி அடிச்சு, சாஃப்ட்வேர் மீட்டர்ல உச்சம் மைனஸ் 10 டிபியைத் தாண்டாம வைங்க. கிளிப் ஆன (அளவு தாண்டிச் சத்தம் உடைஞ்ச) டேக்கைப் பின்னாடி சரி பண்ண முடியாது.

மைக் வாங்கறதுக்கு முன்னாடி ஸ்னேர் தோலைப் பாருங்க. நடுவுல குழி விழுந்திருந்தா அதை முதல்ல மாத்துங்க. புது இன்டர்ஃபேஸ் வர்ற வரைக்கும் இருக்கற ரெண்டு இன்புட்ல கிக்குக்கு ஒண்ணு, மேல ஒண்ணு போட்டு மோனோவா (இடம் வலம் பிரிக்காம) எடுங்க, டெமோவுக்கு அது தாராளம்.