கம்பஸ் கிடைத்த பிறகு

வணக்கம் நேயர்களே.

உயர்தரப் பரீட்சை முடிவு வந்து, வெட்டுப்புள்ளியும் வந்து, "பிள்ளைக்குக் கொழும்புக் கம்பஸ் கிடைச்சிட்டுது" என்று கோயிலில் அர்ச்சனையும் செய்தாயிற்று. சரி, அதற்குப் பிறகு? அதைப் பற்றித்தான் என்னைப் பேசக் கேட்டார்கள். நான் அங்கே படித்தவள். இப்போது கொழும்பு வெள்ளவத்தையில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன்.

முதன்முதலாகக் கூட்டிவரும் பெற்றோர் பெரிய மதிலும் ஒரே வாசலும் இருக்குமென்று நினைத்து வருவார்கள். கலைப்பீடமும் விஞ்ஞான பீடமும் குமாரதுங்க முனிதாச மாவத்தைப் பக்கம், கணினிக் கல்லூரி றீட் அவெனியூவில், மருத்துவ பீடமோ கின்சி வீதியில். 1870இல் மருத்துவக் கல்லூரி ஒரு பக்கம் தொடங்கியது, 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி இன்னொரு பக்கம் தொடங்கியது, 1942இல் இரண்டும் சேர்ந்து இலங்கைப் பல்கலைக்கழகம் ஆயின, அதிலிருந்து வந்ததுதான் எங்கள் கொழும்புக் கம்பஸ். சேர்ந்தது பெயரில்தான், இடத்தில் இல்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பின்னேரமானாலும் பிள்ளைகள் வளாகத்துக்குள்ளேயே இருப்பார்கள். இங்கே ஐந்து மணிக்குப் பிறகு பட்ச், அதாவது கூடப்படிக்கும் ஆண்டுக் கூட்டம், முழுவதும் பஸ்ஸேறிப் போய்விடும். விடுதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நீங்கள் லெக்சருக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியை வீட்டுக்கு ஆளனுப்பிய பிள்ளைக்கு இது முதலில் சுதந்திரம். இரண்டு மாதம் போனால் அதுவே பயம்.

அனுமதி முறையையும் சொல்ல வேண்டும். மருத்துவம், விஞ்ஞானம், முகாமைத்துவம் போன்ற துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அதனால் கொழும்பின் பெரிய பாடசாலையில் ஆங்கிலத்தோடு வளர்ந்த பிள்ளைக்குப் பக்கத்துக் கதிரையில், தமிழில் மட்டுமே படித்த மன்னார்ப் பிள்ளையோ நுவரெலியாத் தோட்டத்துப் பிள்ளையோ உட்காரும். லெக்சர் ஆங்கிலத்தில். முன்வரிசையில் சிரிப்பொலி எழும்பும்போது, பகிடி என்னவென்று தெரியாமல் பின்வரிசையும் சேர்ந்து சிரிக்கும். நானும் அப்படிச் சிரித்தவள்தான்.

அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றுவது குப்பி. சோதனைக்கு முன்னால், பாடம் விளங்கிய ஒருவர் மற்றவர்களை இருத்திச் சொல்லிக்கொடுப்பது. காசு கிடையாது, சம்பிரதாயம் கிடையாது. வெறுமையான வகுப்பறையில் முந்திய வருட வினாத்தாளின் போட்டோ கொப்பியோடு பத்துப் பதினைந்து பேர். பலகையில் ஓர் அண்ணா சமன்பாட்டை ஆங்கிலத்தில் எழுதி, "இந்த இடத்திலதான் எல்லாரும் பிழை விடுறது" என்று தமிழில் சொல்லுவார். ஒருவர் பிளேன்ரீ வாங்கி வருவார். "அண்ணா, திரும்ப ஒருக்கா" என்று வெட்கமில்லாமல் கேட்கலாம், லெக்சரில் அதைக் கேட்க வாய் வராது. என்னைக் கேட்டால், முதலாம் வருடத்தில் நான் படித்ததில் பாதி குப்பியில் படித்ததுதான். ஒன்று சொல்கிறேன், தமிழ்ப் பிள்ளைகள் தமிழ்க் குப்பியோடு நின்றுவிடுகிறார்கள். சிங்களப் பிள்ளைகளின் குப்பியிலும் போய் இருங்கள். அரைகுறைச் சிங்களத்தைப் பார்த்து யாரும் துரத்த மாட்டார்கள், மூன்றாம் வருடத்தில் குழுச் செயற்றிட்டம் வரும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

இந்த உதவியைக் காட்டித்தான் சிலர் பகிடிவதைக்கும், அதாவது புதுப் பிள்ளைகளைச் சீனியர்மார் வதைக்கும் ராகிங்குக்கும், நியாயம் சொல்கிறார்கள். சீனியருக்குப் பணிந்தால்தான் நோட்ஸ் கிடைக்கும், பட்ச் ஒற்றுமையாகும் என்று. சுத்தப் பொய். பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். எனக்கு நோட்ஸ் தந்த அக்கா என்னிடம் ஒருநாளும் பாட்டுப் பாடச் சொல்லவில்லை.

இலவசக் கல்வி இருக்கிறது, அதனால் செலவில்லை என்று ஊரில் நினைப்பார்கள். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த அந்தக் கொடை இல்லாவிட்டால் எங்களில் பலர் இங்கே வந்திருக்கவே மாட்டோம், அது உண்மை. ஆனால் அறை வாடகைக்கு யார் கொடுப்பது? மகாபொலவோ பேர்சரியோ என்ற மாணவர் உதவிப்பணம் கிடைத்தாலும் வெள்ளவத்தை வாடகையை அது எட்டாது. மூன்று பேர் ஓர் அறையில், சமைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. காலையில் குளியலறைக்கு வெளியே வாளிகள் வரிசையில் நிற்கும், ஆட்கள் நித்திரை. யாழ்ப்பாணத்து இரவு பஸ் விடியப்புறம் வந்து நிற்கும்போது, அம்மா கொடுத்துவிட்ட மிளகாய்த்தூளையும் புழுக்கொடியலையும் வாங்கப் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு காலி வீதியில் நிற்பார்கள். அந்தப் பார்சல் அறைக்கு வந்து ஒரு மணித்தியாலம் தாங்காது.

அறையில் படிக்க இடமில்லாதவர்களுக்கு, 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்து நூலகம் இருக்கிறது. பக்கத்தில் இருந்தும் போகாத பிள்ளைகள் நிறையப் பேர்.

இப்போது அறை தேடிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு: முற்பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டு எழுதி வாங்குங்கள். இரவு எத்தனை மணிக்குக் கேற் பூட்டுவார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். குப்பி முடிய எட்டு, ஒன்பது மணியாகும்.

நன்றி, வணக்கம்.